நவோமியின் புத்தகத்தில் சில பிழைகள்

ஜனவரி 9, 2024, பிட்ஸ்பர்க்

காலை பத்து மணிக்கு பாட்ரிசியா போன் செய்தாள். என் எடிட்டர். என் ஐந்தாவது நாவலின் கைப்பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு பதினான்கு மாதமாக வாய் திறக்காதவள். கடைசியில் அதைப் படித்துவிட்டாள் போல என்று நினைத்து ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"வாழ்த்துகள் ஹெப்சிபா. உனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்," என்றாள்.

என் மகள் நவோமி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாளாம். தன் சிறுவயதைப் பற்றி. அதே பதிப்பகம், அதே எடிட்டர். மே மாதம் வெளியீடு. நவோமியே என்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாளாம்.

நவோமி சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு சிகாகோவிலிருந்து வந்து நான்கு நாள் இங்கே இருந்தாள். நான் சுட்ட முறுக்கைத் தின்றாள், என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவி பார்த்தாள், கிளம்பும்போது கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். புத்தகத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"கவலைப்படாதே, உன்மேல் கடுமையாக எதுவும் இல்லை," என்றாள் பாட்ரிசியா. கடுமையாக இருக்கும் அளவுக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மெய்ப்புப் படியை அனுப்பச் சொல்லி வைத்துவிட்டேன்.

பல வருடத்துக்குப் பிறகு நோட்டில் எழுதுகிறேன். தமிழில்தான். ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு வரிக்குள் அது வாசகருக்கான எழுத்தாகிவிடுகிறது. தமிழை இந்த வீட்டில் யாரும் படிக்கப் போவதில்லை.

ஜனவரி 12

மாவு பொங்கவில்லை. இந்தக் குளிரில் எதுவும் பொங்காது, என்னைத் தவிர.

ஜனவரி 16

மெய்ப்பு வந்துவிட்டது. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. வழியெடுத்துவிட்டு வந்து, ஈரப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படிக்கத் தொடங்கினேன்.

பிழை மேல் பிழை. சமையலறைச் சுவர் மஞ்சள் என்கிறாள், பச்சை. எனக்கு அப்போது வயது நாற்பது என்கிறாள், நாற்பத்தொன்று. அவள் அப்பா ஆண்ட்ரூவும் நானும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோமாம். ஆண்ட்ரூ வீட்டில் இருந்தால்தானே சண்டை போட? அவர் பாதி மாதம் கருத்தரங்கு என்று ஊர் ஊராகத் திரிந்தார். விவாகரத்துக்குப் பிறகுதான் நாங்கள் அதிகம் பேசினோம்.

மூன்றாவது அத்தியாயம் 2004 மார்ச் மாதத்தைப் பற்றியது. அவளுக்கு ஒன்பது வயது. குடல்வால் வெடித்துப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதை அவள் எழுதலாம், அவள் வயிறு. ஆனால் எழுதியிருப்பது வயிற்றைப் பற்றி அல்ல, என் கதவைப் பற்றி. மாடியில் நான் இரண்டாவது நாவலை முடித்துக்கொண்டிருந்தேனாம். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து வலியில் அழுதாளாம். கதவைத் தட்டினாளாம். நான் திறக்கவில்லையாம். பக்கத்து வீட்டு கவால்ஸ்கி கிழவர்தான் தூக்கிக்கொண்டு போனாராம்.

கவால்ஸ்கி கார் ஓட்டினார். தூக்கிக்கொண்டு போனது பியூலாக்கா. என் அக்கா அப்போது பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தாள். இந்தப் புத்தகத்தில் அவள் பெயரே இல்லை. உண்மையை எழுதுகிறாளாம்.

அந்தக் கதவு பழைய ஓக் மரம், மூன்று விரல் கனம். தட்டியது எனக்குக் கேட்கவில்லை. இதை நான் அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

பாதியில் மூடிவிட்டேன்.

ஜனவரி 21

நவோமியோடு போனில் சண்டை. நான் கத்தினேன், அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"முழுசாகப் படித்தீர்களா அம்மா?"

"பாதி போதும்."

"முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்."

"எனக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறாயா? நான் நான்கு நாவல் எழுதியவள். பதினான்கு மொழியில் வந்திருக்கிறது."

"ஒரு நாவல்தான் வந்திருக்கிறது," என்றாள். "இரண்டாவது."

வைத்துவிட்டேன். பிறகு பாத்திரம் தேய்த்தேன். சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் சேர்த்து.

பிப்ரவரி 5

வக்கீலைப் பார்த்தேன். ஃபெல்ட்மன் என்று பெயர், மேஜை நிறைய பேரக்குழந்தைகளின் படம். மெய்ப்பை முழுவதும் படித்திருந்தார்.

"இதில் பொய் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நிறைய இருக்கிறது. சுவர் பச்சை."

அவர் சிரிக்கவில்லை. உண்மையை எழுதினால் வழக்கு நிற்காது என்றார். அந்த நாள் அப்படி நடக்கவில்லை என்று அங்கே இருந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னால், பதிப்பகம் அந்த அத்தியாயத்தை மறுபடி யோசிக்கலாம் என்றார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 2006-இல் ஒரு மேடையில் நான் கொடுத்த பேட்டி. "நாவலாசிரியர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அனுமதி கேட்டு எழுதுகிறவர் வாழ்த்து அட்டைதான் எழுத முடியும்."

"எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் வாசிப்பார்கள்," என்றார்.

என்ன திமிர் எனக்கு அந்த வயதில். இரண்டாவது நாவலுக்குப் பரிசு வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேடையில் எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

கவால்ஸ்கி செத்துப் பத்து வருடம் ஆகிறது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மிச்சம் ஒருத்திதான்.

பிப்ரவரி 6

ஒரு தடவை தட்டியது கேட்டது. ஒரே தடவை. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பியூலாக்காவுக்குப் போன் செய்தேன். நாங்கள் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஏன் என்று எழுதாமல் தாண்டிப் போக முடியாது.

அவள் இங்கே வந்த புதிதில் ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், மதுரையில் வேலை பார்த்தபோது, ஒரு ஆளோடு மூன்று மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. என் இரண்டாவது நாவலின் மையமே அந்த மூன்று மாதம்தான். ஊர் பெயரை மாற்றினேன், அக்காவின் பெயரை மாற்றினேன். அந்த ஆளின் பெயரை மட்டும் மாற்ற மறந்து அப்படியே விட்டுவிட்டேன். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் சர்ச்சுக்காரர் ஒருவர் படித்துவிட்டு, யார் கதை என்று கண்டுபிடித்து ஊருக்குப் போன் செய்தார்; அத்தான் காதுக்கும் போயிற்று.

அங்கே மாலை ஆறரை மணி. அவளே எடுத்தாள்.

"யாரு பேசுதது?"

"நான் எப்சி பேசுதேன்க்கா."

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"எந்த எப்சி?"

"ஒனக்கு எத்தன எப்சிக்கா இருக்கா?"

"ஒருத்தி இருந்தா," என்றாள். "சொல்லு. என்ன விசயம்?"

அத்தான் இறந்ததற்கு வராததைப் பற்றி ஏதோ முனகினேன். அதை விடு என்றாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அன்றைக்குக் காலையில் நான் வீட்டில் இல்லை, லைப்ரரிக்குப் போயிருந்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

"நீ மாடியிலதான இருந்த."

"ஆமா."

"பொறவு?"

"நவோமி என்னக் கேவலப்படுத்தி ஒரு புஸ்தகம் எழுதிருக்காக்கா. ஊரே படிக்கப் போவுது. நான் இத்தன வருசம் கட்டிக் காப்பாத்துன பேரு."

"தெரியும்," என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நவோமி அவளுக்குப் போன் செய்கிறாளாம். எட்டு வருடமாக.

"எந்த பாஷையில?"

"தமிழ்லதான். தப்பும் தவறுமாத்தான் பேசுவா, ஆனா விடமாட்டா. இப்பம் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்யுதா. போன வருசம் எங்கிட்ட கேட்டா, பெரியம்மா, அன்னைக்கு நீங்க என்னத் தூக்கிட்டு ஓடுனத எழுதட்டுமான்னு. வேண்டாம்ளா, எங் கத ஒரு புஸ்தகத்துல வந்ததே போதும்னு சொன்னேன். சரி பெரியம்மான்னா. எடுத்துட்டா. மறுவார்த்த பேசல."

எனக்குக் கோபம்தான் வந்தது.

"அவ ஒனக்கு அவ்வளவு ஒசத்தியாப் போய்ட்டா," என்றேன்.

"எப்சி, நான் சொல்லுதத கேளு. உங்க அத்தான் எங்கூட பதினோரு வருசம் பேசல. ஒரே வீட்லதான் இருந்தோம். சோத்தப் போட்டு வச்சிட்டு நான் அடுக்களைக்குள்ள போயிருவேன். அதுக்குப் பொறவுதான் வந்து உக்காருவாவ. ஆஸ்பத்திரியில கடைசி நாளு, தண்ணி வேணும்னு மவங்கிட்டதான் கேட்டாவ. நான் பக்கத்துலதான் நின்னேன். டம்ளரு எங்கையிலதான் இருந்துச்சு."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"உம்மேல எனக்கு இப்பம் கோவம் இல்ல. கோவப்பட்டுக் கோவப்பட்டுத் தீந்து போச்சு. ஆனா பொய்யெழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தடவ பொய்யா இருந்ததுக்கே இவ்வளவு பட்டாச்சு. குக்கர எறக்கணும், வைக்கட்டுமா?"

பிப்ரவரி 12

அவளுக்குக் கோபம் இல்லையாம். எனக்கு இருக்கிறது. எட்டு வருடம். என் மகள் என் அக்காவோடு என் முதுகுக்குப் பின்னால் எட்டு வருடம் பேசியிருக்கிறாள். என்னோடு பேசும்போது 'ஹாய்', 'பை', 'லவ் யூ'.

கதை எழுதச் சொல்லித்தரும் என் கல்லூரி வகுப்பில் ஒரு பையன் தன் அப்பாவின் குடியைப் பற்றிக் கதை எழுதியிருந்தான். அப்பாவிடம் கேட்டாயா என்றேன். அவன் விழித்தான். "நீங்கள்தானே முதல் வகுப்பில் கேட்கக் கூடாது என்று சொன்னீர்கள்?" வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

நவோமி தமிழ் படிக்கிறாள் என்றால் இந்த நோட்டைப் பூட்டி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 13

பூட்டவில்லை.

பிப்ரவரி 26

பாட்ரிசியாவிடமிருந்து மின்னஞ்சல். அருமையான யோசனையாம். என் இரண்டாவது நாவலுக்கு இருபதாம் ஆண்டுப் பதிப்பு, நவோமியின் புத்தகத்தோடு சேர்த்து. அம்மாவும் மகளும் ஒரே மேடையில். ஆறு நகரம். ஐந்தாவது நாவலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பரிசு வாங்கியவளாக என்னை ஏற்கெனவே விற்றாயிற்று, இனி கதவைத் திறக்காத அம்மாவாக விற்கலாம்.

மூன்றாவது நாவலை நாலாயிரம் பேர் வாங்கினார்கள். நான்காவதற்கு மதிப்புரையே வரவில்லை. இப்போது மகளுடைய குடல்வாலைப் பிடித்துக்கொண்டு நான் மேடை ஏற வேண்டும்.

"நடக்காது" என்று மட்டும் பதில் போட்டேன். பிறகு பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல்லில் விரிசல். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம்.

மார்ச் 3

மீதிப் பாதியைப் படித்தேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடித்தேன்.

நன்றாக எழுதியிருக்கிறாள். எழுதித் தொலைக்கிறேன், நன்றாக எழுதியிருக்கிறாள். என்னைவிடச் சின்ன வாக்கியங்கள். அலங்காரமே இல்லை.

கடைசி அத்தியாயத்தில் அவள் என்னை மன்னிக்கிறாள். எழுத்து என்றால் என்ன என்று தானும் எழுதத் தொடங்கிய பிறகுதான் புரிந்ததாம். உள்ளே போனவர்களுக்கு வெளிச்சத்தம் கேட்காது என்று புரிந்ததாம். அதற்கு அவளிடம் ஒரு சாட்சியும் இருக்கிறதாம். வரிக்கு வரி இங்கே எழுதுகிறேன்: "பெரிய மேஜையின்மேல் இருந்த சீட்டைப் பார்த்த நிமிடமே அம்மா கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளுடைய உள்ளங்கை என் நெற்றியில் சில்லென்று இருந்தது. அந்தக் குளிரை வைத்துத்தான் நான் இருபது வருடமாக அவளை நேசிக்கிறேன்."

புத்தகம் முழுவதும் அந்த ஒரு வரியின்மேல் நிற்கிறது.

மார்ச் 4

மன்னிக்க இவள் யார்?

மார்ச் 9

ஒரு வாரமாகப் பாட்ரிசியாவின் மீது, வக்கீலின் மீது, ஆண்ட்ரூவின் மீது, வெந்நீர் வராத குழாயின் மீது எரிந்து விழுகிறேன். இன்று குழாய்க்காரர் வந்தார். அவரிடமும் கத்தினேன். பாவம், மன்னிப்புக் கேட்டார்.

எழுதி முடித்துவிடுகிறேன்.

அன்று காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். கடைசி அத்தியாயம். ஒன்பதரைக்கு அக்கா வந்து, பிள்ளைக்கு வயிறு வலிக்குது எப்சி என்றாள். ஓமத் தண்ணி கொடு என்றேன், கதவைத் திறக்காமல். பதினொன்றுக்கு மறுபடி வந்தாள். "எழுதிட்டு இருக்கேன்ல" என்று சத்தம் போட்டேன். பிறகு நவோமியே வந்தாள். அவள் கையால் தட்டவில்லை. கையை வயிற்றில் வைத்திருந்திருப்பாள். காலால் கதவை லேசாக உதைத்தாள். அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். நான் பாட்டை வைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். அவள் கூப்பிட்டது கேட்டது ஒரு தடவை அல்ல.

ஒன்றரை மணிக்குச் சாப்பிடக் கீழே இறங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. மேஜையில் அக்காவின் கையெழுத்தில் சீட்டு: "பிள்ளை மயங்கிட்டா. பக்கத்து வீட்டுத் தாத்தா கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். உடனே வா."

படித்தேன். நன்றாகப் புரிந்தது.

மாடிக்குத் திரும்பப் போனேன். கடைசிப் பக்கம் மண்டையில் அப்படியே நின்றது, வாக்கியம் வாக்கியமாக. போய்விட்டு வந்தால் அது இருக்காது என்று தெரியும். உட்கார்ந்து எழுதி முடித்தேன். விமரிசகர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டிய பக்கம் அதுதான். பரிசு கொடுத்தபோது மேடையில் வாசித்துக் காட்டினார்களே, அதே பக்கம்.

பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டேன். பொத்தான் போட்டேன். கிளம்பினேன்.

அவள் கண் விழித்ததும், சீட்டைப் பார்த்தவுடனே ஓடி வந்தேன் என்று சொன்னேன். கோட்டுகூடப் போடவில்லை என்பதையும் நானே சேர்த்தேன். நாவலாசிரியர் அல்லவா, ஒரு விவரம் சேர்த்தால் நம்புவார்கள் என்று தெரியும். அவள் நம்பினாள்.

அக்காவுக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது.

மார்ச் 11

திருத்தங்களுக்குக் கடைசி நாள் 22 என்று மெய்ப்பின் மேல் அட்டையில் போட்டிருக்கிறது. அது முடிந்தால் அச்சுக்குப் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வக்கீல் வேண்டாம், வழக்கு வேண்டாம். மன்னிக்கப்பட்ட அம்மாவாக ஆறு நகரமும் போய்வரலாம்.

இதை எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. அவள் என்னைத் திட்டி எழுதியிருந்தால் என்னால் சமாளித்திருக்க முடியும்.

மார்ச் 16, சனி

வரச் சொன்னேன். காலை விமானத்தில் வந்தாள். ரசமும் உருளைக்கிழங்கும் செய்து வைத்திருந்தேன். சமையலறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

"தமிழ் பேசுவியாமே," என்றேன்.

"பேசுவேன்மா." கன்னம் சிவந்தது. "பெரியம்மா சொல்லித் தந்தாவ."

பாளையங்கோட்டைத் தமிழ். என் அம்மா பேசியது, நான் பேசாமல் விட்டது. அமெரிக்க நாக்கில் அது வழுக்கி வழுக்கி வந்தது. அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, இன்னும் பேசு என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

"ஒம் புஸ்தகத்துல ஒரு தப்பு இருக்கு."

"சுவரு பச்சை. திருத்திட்டேன்."

"அது இல்ல. உக்காரு."

சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அழகாகச் சொல்லியிருப்பேன். சீட்டைப் படித்ததை, மாடிக்குத் திரும்பிப் போனதை, கடைசிப் பக்கத்தை எழுதியதை, கோட்டுப் பொத்தானை. சில வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. நிறுத்திக் கேட்டாள். 'திரும்ப' என்றால் என்ன என்று கேட்டாள். மறுபடியும் மேலே போனேன் என்று கையால் காட்டினேன்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

அவள் அழவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் இப்பச் சொல்லுதீங்க?" என்றாள். "நான் முடிச்சிட்டேனே. எல்லாம் எழுதி முடிச்சிட்டேனே."

"நீ என்ன மன்னிச்சது எனக்குப் பிடிக்கல."

மிகக் கேவலமான பதில். ஆனால் அதுதான் வாயில் வந்தது. அவள் எழுந்தாள். ரசத்தைத் தொடவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி, ஆங்கிலத்தில், ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அந்தப் பக்கத்தை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன்."

டாக்ஸி வரும்வரை வெளியே பனியிலேயே நின்றாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டாள்.

மார்ச் 18

வகுப்பு. அந்தப் பையனின் கதைக்கு நல்ல மதிப்பெண் போட்டேன். அப்பாவிடம் காட்டினானாம். அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாவது நாள் ஒரு இடத்தில் மட்டும் தேதியைத் திருத்தினாராம்.

மாலையில் வக்கீலுக்கு, வேண்டாம் என்று எழுதினேன். அக்காவுக்குப் போன் செய்தேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தச் சீட்ட எழுதுறதுக்குள்ள எங்கை எப்படி நடுங்கிச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள். பிறகு வைத்துவிட்டாள். கோபம் தீர்ந்துவிட்டது என்றவள்தான்.

மார்ச் 20

நவோமியிடமிருந்து மின்னஞ்சல். விளிப்பு இல்லை, கையெழுத்து இல்லை. கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுதி இணைத்திருந்தாள். மேலே இரண்டு வரி: "படியுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், பழையபடி போகட்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

என்னிடமும் கேட்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளை இப்படி யார் வளர்த்தது? நான் இல்லை.

படித்தேன். மன்னிப்பு இல்லை. சில்லென்ற உள்ளங்கை இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறாள். வெறும் வீடு, மேஜை, சீட்டு, மாடிப்படி ஏறும் ஒரு பெண்மணி. ஒரு இடத்தில்கூட என்னைத் திட்டவில்லை. "நாற்பது நிமிடம் எழுதினாள்," என்று இருக்கிறது. அதோடு அந்தப் பத்தி நின்றுவிடுகிறது.

மூன்று தடவை படித்தேன். வெளியே போய் வாசலில் உப்புத் தூவினேன், பனி இல்லாத இடத்திலும் தூவினேன். உள்ளே வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை அவள் எவ்வளவு நேரம் என்று கேட்டபோது வாயில் வந்த எண் நாற்பது. சமையலறைக் கடிகாரத்தை அன்று நான் மாடிக்குத் திரும்பப் போகும்போதும் பார்த்தேன், இறங்கி வரும்போதும் பார்த்தேன்.

'நாற்பது நிமிடம்' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு மணி நேரம்' என்று திருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. போடு என்று எழுதி, தமிழிலேயே எழுதி, அனுப்பிவிட்டேன்.